உன் படத்தில் வந்த கை

தினேஷ்,

நீ என்னோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. நடுவில் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி: "எல்லார் முன்னாடியும் எழுந்து போயிட்டீங்க. தேங்க்ஸ்." அதற்கு நான் பதில் போடவில்லை. போனில் தட்டி அனுப்புகிற விஷயம் இல்லை இது. அடுத்த வாரம் நீ மும்பைக்கே குடிபோகிறாய் என்றும், உன் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றும் உன் அம்மா சொன்னாள். போவதற்கு முன் இதைப் படித்துவிடு. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் யாரையாவது விட்டு எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டு "ஓகே அப்பா" என்று முடித்துவிடுவாய். இதை நீ சொல் சொல்லாகத்தான் படித்தாக வேண்டும். இங்கே சிஞ்ச்வட்டில் உள்ள நம் தமிழ் ஆட்கள் பொங்கலுக்குப் போடுகிற ஆண்டு மலருக்கும் இதையே கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊரறியக் கொடுத்தார் என்று நீ கோபப்படுவாய். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

அன்றைக்கு நான் எப்படிக் கிளம்பி வந்தேன் என்று உனக்குத் தெரியாது. பத்து நாள் முன்பிருந்தே ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகன் எடுத்த படம், சிஞ்ச்வட் மாலில் மத்தியானக் காட்சி, படக்குழுவே வருகிறது என்று. பதினான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தேன். நம் அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரி ஜோஷி, என்னோடு ரிட்டயர் ஆனவர்கள், உன் அம்மாவின் பஜனைத் தோழிகள். அப்புறம் உன் துரை மாமா. உனக்கு அவனைத் தெரியும். மலரில் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துரைக்கண்ணு எங்கள் ஆரணிப் பக்கத்து ஆள். நான் சூப்பர்வைசராக இருந்த கார் பார்ட்ஸ் கம்பெனியில், என் லைனில், தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டினான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் அந்த பிரஸ்ஸில் இடது கையின் நான்கு விரல்களை இழந்தான். வேலையும் போனது. பிறகு நான்தான் நம் சொசைட்டி கேட்டில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கித் தந்தேன். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். ஒற்றைக் கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு பார்க்கிங்கில் உன் பின்னால் ஓடினான். நான் டிக்கெட்டை நீட்டியபோது, "நானெல்லாம் எதுக்குணா? கேட்ல யாரு நிப்பாங்க?" என்றான். "நம்ம தினேஷ் படம்டா, நீ வராம யாரு வருவாங்க" என்று அதட்டினேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். இடது கையை எப்போதும்போல் சட்டைக்குள் இழுத்துவிட்டிருந்தான். என் பக்கத்து சீட்டில் அவனை நான்தான் உட்காரவைத்தேன்.

படம் தொடங்கும் முன் நீ மைக்கைப் பிடித்தாய். "சின்ன வயசுல ஹாரர் படம் பாக்கும்போது நான் கண்ண மூடிக்குவேன், எங்கப்பா என் கைய எடுத்துவிடுவாரு, அவரு இல்லன்னா இந்தப் படம் இல்ல" என்று ஹிந்தியில் சொன்னாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் அரை மணி நேரம் எனக்குப் பிடித்தது என்றே வைத்துக்கொள். இருட்டான பாக்டரி, ஆளில்லாமல் ஓடுகிற மெஷின், சுவரில் நகர்கிற நிழல். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயத்துக்கு விரோதி இல்லை, தினேஷ். பயப்படுவதற்காகப் பணம் கொடுத்து உட்காருவது எனக்கும் புரிகிற ஆசைதான். ஆனால் பிறகு அந்த பிரஸ் வந்தது. இரண்டு பச்சை பட்டன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. உன் படத்தில் ஒருவன் தள்ளாடிக்கொண்டே வருகிறான். பாக்கெட்டில் பாட்டில். சிரித்துக்கொண்டே இடது பட்டனில் ஒரு மரக்கட்டையைச் சொருகுகிறான், இனி ஒரு கையே போதும் என்று. அரங்கமே அதற்குச் சிரித்தது. அப்புறம் அவன் கையை நீ உள்ளே அனுப்பினாய். எவ்வளவு நேரம் காட்டினாய் என்று நான் எண்ணவில்லை. விரல் விரலாகக் காட்டினாய். பக்கத்தில் போய்க் காட்டினாய். எலும்பின் சத்தம் வைத்தாய். அவன் கத்திக்கொண்டே இருந்தான். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். பின் வரிசையில் விசிலடித்தார்கள். ஒரு பையன் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினான். விரல் இடுக்கில் துரைக்கண்ணுவைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடவில்லை. நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவனைப் போல. சட்டைக்குள் இருந்த இடது கையை வலது கையால் பிடித்திருந்தான்.

நான் எழுந்தது அப்போதுதான். நீ முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். வெளியே வந்து பாப்கார்ன் கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் துரைக்கண்ணு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தண்ணி வாங்கியாரட்டா?" என்றேன்.

"வாணாம்ணா." தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தம்பிக்கு யாருணா சொன்னாங்க?" என்றான்.

"எத?"

"கட்டைய நான் சொருவுனேன்னு. படத்துல அந்த ஆளே சொருவிக்கிறானே. தம்பி அப்போ ஏழு வயசுப் புள்ள. யாரு சொல்லியிருப்பாங்க?"

"சினிமாதானே துரை. அவனா இட்டுக்கட்டி இருப்பான்."

"பட்டன் பச்சைக் கலரு. அது சரியா கீது. இடது கை. அதுவும் சரியா கீது. இது மட்டும் இட்டுக்கட்டுனதா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு நேரம் பார்த்தது அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எப்போதும் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்பவன். பிறகு எழுந்தான். எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனான். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் இதுவரை யாரும் சொல்லாதது. மாதக் கடைசி. அனுப்ப வேண்டிய சரக்கு பாதிகூட முடியவில்லை. மேனேஜர் காலையிலிருந்து இரண்டு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டு பட்டனையும் அழுத்திக்கொண்டிருந்தால் பீஸ் மெதுவாகத்தான் விழும். பாக்கிங் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை உடைத்து இடது பட்டனில் சொருகியவன் நான். என் கையால். "ணா, பயமா கீதுணா" என்றான் துரைக்கண்ணு. "கண்ணைத் தொறந்து வச்சிக்கினு செய், ஒண்ணும் ஆவாது" என்றேன். ஒரு மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. நான் திரும்பி அடுத்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஸ் எப்போதும்போல் ஒரு தடவை இறங்கி ஏறியது. உன் படத்தில் வந்த அலறல் அன்றைக்கு இல்லை. அவன் மிக மெதுவாக, "ணா, மெஷின நிறுத்துணா" என்றான். அவ்வளவுதான். ஓடினேன். ஓடிப்போய் நான் முதலில் தொட்டது அவனை இல்லை, தினேஷ். கட்டையை. அதைப் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மெஷினை நிறுத்தினேன், அதற்குப் பிறகுதான் அவனைத் தாங்கினேன். வாசனை ஒன்று இருந்தது, சூடான எண்ணெயும் இன்னொன்றும் கலந்து. உன் படத்தில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. அது இருந்திருந்தால் ஒருவனும் விசிலடித்திருக்க மாட்டான்.

கட்டையை நான் எடுத்தும் பட்டனில் விழுந்திருந்த தழும்பு காட்டிக்கொடுத்தது. விசாரணையில், கட்டையைச் சொருகியது அவனேதான் என்றேன். இரண்டு தடவை கண்டித்தேன், கேட்கவில்லை என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதுகாப்பைத் தானே நீக்கிவிட்டு மாட்டிக்கொண்டவன் என்று பதிவானது. அவனுக்கு நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் இல்லை. அதே வாரம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் உண்மையைச் சொன்னேன் துரை, மேல இருக்கிறவங்க மாத்தி எழுதிட்டாங்க" என்றேன். அவன் நம்பினான். தனக்காக ஒருத்தனாவது வாயைத் திறந்தானே என்று அழுதான். அவன் மனைவி முனியம்மா என் காலில் விழ வந்தாள். அன்று தொடங்கி ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வீட்டிலிருந்து நமக்குத் தூக்கில் பொங்கல் வந்தது. நீ நெய் வழிய வழிய வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாய். அது எதற்கு வந்த பொங்கல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் வீட்டில் நான் வேறு மாதிரி சொன்னேன். விபத்து நடந்த மாதம் முழுக்க யாராவது விசாரிக்க வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும், அவனே சொருகிக்கொண்டான் என்ற அதே கதை. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. அவன் முந்தின நாள் தண்ணி போட்டிருப்பான், கண் சிவந்திருந்தது என்று சேர்த்துக்கொண்டேன். நீ அந்த ஹாலிலேயே தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். பென்சில் நின்றுவிடும். காது முழுக்க என் பக்கம் இருக்கும். பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்தேன். நீ எதையும் மறக்கவில்லை.

அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் படச் சிடிகளை வாடகைக்கு எடுக்கிற வழக்கம் ஆரம்பித்தது. சனிக்கிழமை தோறும் பேய்ப் படம், கொலைப் படம். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். நீ கண்ணை மூடுவாய். நான் உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இறக்குவேன். "ஆம்பளப் புள்ள கண்ண மூடுவானா?" உன் கை சில்லென்று இருக்கும். ஒருநாள் படுக்கை நனைந்தது. அதை உன் சித்தப்பா வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். உன்னை தைரியசாலியாக்குகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், எனக்கு அந்தப் படங்கள் தேவைப்பட்டன. திரையில் வருகிற ரத்தம் சாயம் என்று தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் பார்த்ததும் சாயம்தான் என்று கொஞ்ச நேரம் நம்ப முடிந்தது. தனியாகப் பார்க்கவும் பயம். அதற்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் துணை. நீ அதற்கு மைக்கில் எனக்கு நன்றி சொன்னாய்.

படம் பார்த்த மறுநாள் நாம் போனில் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். "துரை மாமா கைய எடுத்து விக்கிறியாடா?" என்று கத்தினேன்.

"அப்பா, நான் அவரு பேரு போட்டேனா? முகம் காட்டுனேனா? இது ஹாரர். ஆடியன்ஸ் இதுக்குத்தான் வராங்க. தியேட்டர் எப்படி ரியாக்ட் பண்ணுச்சு, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதத்தான் சொல்றேன். அந்த ஆளு தப்பிக்கணும்னு அங்க ஒருத்தன் நெனச்சானா?"

"அவன் வில்லன் மாதிரிப்பா. குடிகாரன். அவன் மேல பாவம் வந்தா சீனே நிக்காது."

"ஏன்டா குடிகாரனாக்கினே?"

"நீங்கதானே சொன்னீங்க!"

நான் போனை வைத்துவிட்டேன். நீ அதையும் அவமரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பாய். நீ சொன்னது உண்மை என்பதுதான் காரணம். இந்த மூன்று வாரமாக அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். பாவம் வந்தா சீனே நிக்காது. நீ அதை எந்தக் கல்லூரியில் படித்தாயோ எனக்குத் தெரியாது. நான் அதைப் படிக்காமலே செய்திருக்கிறேன். துரைக்கண்ணு மேல் யாருக்கும் இரக்கம் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அவன் கண்ணைச் சிவக்க வைத்தேன். குடித்தவன், சொன்ன பேச்சுக் கேளாதவன், அவனுக்கு இது வேண்டியதுதான் என்று கேட்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டும். உன் தியேட்டரில் விசிலடித்தவர்களும் அதே நிம்மதியோடுதான் போனார்கள். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் போனது ரத்தத்தால் மட்டும் என்று நினைக்காதே. ஒரு மனுஷன் கை நசுங்குவதை ஆசையோடு காத்திருந்து பார்க்கும்படி முந்நூறு பேரை நீ தயார் செய்திருந்தாய். நீ கெட்டிக்காரன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால்தான் நான் எழுந்து போனேன். ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் ஏற்றிக்கொண்டு உன்னை விட்டுவிடப் போவதில்லை. நான் பொய் சொன்னபோது உனக்கு ஏழு வயது. படம் எடுத்தபோது முப்பத்து மூன்று. இருபது வருஷம் அந்தக் கையை கேட்டில் பார்த்திருக்கிறாய். ஒரு நாளாவது, "மாமா, அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று அவனைக் கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஆகுர்டியில் அவன் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவன் கேட் வேலையை விட்டுவிட்டிருந்தான். ஜோஷியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறான். முனியம்மாதான் கதவைத் திறந்தாள். "வாங்கணா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளிடம் அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் டீ போட உள்ளே போகப் பார்த்தாள். "வேணாம்மா, நில்லு, சொல்லிடறேன்" என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, பாக்கெட், கையெழுத்து, ஆஸ்பத்திரி. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருஷம் சொல்லாமல் இருந்தது அவ்வளவு சின்ன விஷயம்.

முனியம்மா கத்தவில்லை. "எங்க ரெண்டாவது பொண்ணு பத்தாவதோட நின்னுச்சு, தெரியுமா உனக்கு?" என்றாள். அதுவரை என்னை அவள் ஒருமையில் பேசியதில்லை. "வூட்டு வேலைக்கு அனுப்பினேன் அத. அப்பக்கூட உன் வூட்டுக்குத்தான் மொதல்ல பொங்கல் எடுத்தாந்தேன்." அப்புறம் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

துரைக்கண்ணு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். "மன்னிச்சிடு துரை" என்றேன். அவன் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "நான் இன்னா செய்யணும், சொல்லு" என்றேன்.

"உன்னால இன்னா செய்ய முடியும், இப்போ" என்றான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தம்பியாண்ட ஒண்ணு சொல்லு" என்றான். "நான் குடிக்கமாட்டேன். அன்னிக்கும் குடிக்கல, என்னிக்கும் குடிச்சதில்ல. அந்த ஆளு பாட்டில் வச்சிக்கினு வரான் பாரு, எல்லாரும் சிரிச்சாங்க. கை போனத காட்டிக்கட்டும். அது போனதுதான். குடிச்சேன்னு காட்ட வாணாம்னு சொல்லு."

சொல்லிவிட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

மலருக்குக் கொடுத்தபோது பொறுப்பாசிரியர் பயந்துவிட்டார். "சார், பேரெல்லாம் எடுத்துடலாமே, கதை மாதிரி போட்டுடலாமே" என்றார். வேண்டாம் என்றேன். கதை மாதிரிதான் இத்தனை வருஷம் சொன்னேன். துரைக்கண்ணுவிடம் கேட்டுக்கொண்டுதான் அவன் பேரை எழுதியிருக்கிறேன். என்னை மேனேஜர் மிரட்டினார், காலம் அப்படி என்றெல்லாம் சமாதானம் எழுதலாம் என்று நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் என்னைத் திட்டினார். கட்டையைச் சொருகச் சொல்லவில்லை.

இரண்டாம் பாகம் எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீ எடுப்பாய். ஆனால் அடுத்த தடவை ஒருவன் உடம்பைத் திரையில் கிழிப்பதற்கு முன், அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை யோசி. பார்க்கிறவனுக்கு அவன் மேல் இரக்கம் வரட்டும். வந்து படம் ஓடாவிட்டால் ஓடாமல் போகட்டும். மும்பை கிளம்புவதற்கு முன் ஆகுர்டிக்கு ஒரு தடவை போய்விட்டு வா. நான் கூட வரமாட்டேன். அந்தத் தெருவில் இனி எனக்கு வேலை இல்லை. அவர்கள் கதவைத் திறப்பார்களா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் வெளியே நின்றே மன்னிப்பைச் சொல்லிவிட்டு வா.

இவ்வளவுக்கும் பிறகு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளதைப் போடுகிறேன்.

உன் அப்பா,
அன்றைக்கு அந்த லைனில் சூப்பர்வைசராக இருந்தவன்.